முகம் செய்வோர்

வடிவமைப்பு வரலாறு என்று ஒரு பாடம் உண்டு. நான் பணிபுரியும் கவின்கலைக் கல்லூரியில் அதைக் கற்பிப்பது என் தொழில். பாடத்தின் பெயரைக் கேட்ட மாணவர்கள், நாற்காலியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் துணியில் அச்சிடும் பூவேலையைப் பற்றியும் பேசப்போகிறார் என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். முதல் நாள் என் மேசைமீது இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்தில் செய்த பித்தளைச் சொம்பு. மற்றொன்று, பாரிஸ் சாந்தில் வார்த்த மனித முகம். அந்த முகத்தில் மூக்கு இல்லை. சொம்பை எடுத்துப் பார்க்கக் கைகள் தாமாக நீளும். முகத்தைத் தொட ஒருவரும் முன்வருவதில்லை.

சொம்புக்கு வடிவமைப்பு வரலாற்றில் பெரிய இடம் உண்டு. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நம் நாட்டு அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்து சுற்றிப் பார்த்து, 1958-இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் மிகவும் வியந்து எழுதியது சொம்பைப் பற்றித்தான். எந்தத் தனி மனிதரும் அதை வடிவமைக்கவில்லை. எத்தனையோ தலைமுறைகளின் இடுப்பும் கையும் கிணற்றடியும் சேர்ந்து அதை உருவாக்கின. ஆகவேதான் அது எல்லாக் கைக்கும் பொருந்துகிறது. முகமோ, ஒருவருக்கே பொருந்தும். அண்ணன் முகம் தம்பிக்கு ஆகாது. எல்லாருக்கும் பொருந்துவதைச் செய்வது எப்படி என்று கற்பிக்கும் கல்லூரியில், ஒருவருக்கே பொருந்துவதைச் செய்வது எப்படி என்பதையும் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. மூக்கோ காதோ கண்ணோ இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புச் செய்வது மருத்துவமனையின் வேலையாயிற்றே, ஓவியம் படிக்கிறவனுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் கலைக்கூடங்களின் வரலாறு தெரிந்தவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள்.

சென்னையில் கலைப் பள்ளி ஒன்றை 1850-ஆம் ஆண்டில் முதன்முதலில் தொடங்கியவர் யார்? அலெக்சாண்டர் ஹண்டர். அவர் ஓவியரல்லர், சிற்பியுமல்லர், அறுவை மருத்துவர். தம் சொந்த முயற்சியால் அவர் நடத்திய பள்ளியை இரண்டே ஆண்டுகளில் அரசு ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் தேவிபிரசாத் ராய் சௌதுரியும், கே. சி. எஸ். பணிக்கரும், தனபாலும் தலைமை தாங்கி நடத்திய அரசு கவின்கலைக் கல்லூரி அந்த மருத்துவர் போட்ட வித்துதான். மருத்துவமும் கலையும் நம் நாட்டில் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த காலம் அது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அது நம் கொங்குநாட்டைத் தொட்டுச் செல்லும் கதை. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1790-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கோயம்புத்தூர்க் கோட்டை மாறி மாறிக் கைமாறிற்று, தாராபுரமும் களமாயிற்று. அந்தப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டியவர் கவாஸ்ஜி என்னும் மராட்டியர். திப்புவின் படையினரிடம் அவர் சிறைப்பட்டார். மூக்கும் ஒரு கையும் அறுபட்டுத் திரும்பினார். மன்னர்களின் சண்டையில் மாட்டுக்காரர் மூக்கு என்ன குற்றம் செய்தது என்று கேட்க அன்று ஆள் இல்லை.

ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி இருந்த அவருக்குப் புனாவுக்கு அருகில் ஒருவர் புதிய மூக்கு அமைத்தார். செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்தவர் அவர் என்று ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கிறார்கள், பெயரைக் குறிக்கவில்லை. அவர் செய்த முறையைக் கேளுங்கள். மெல்லிய மெழுகுத் தகட்டை எடுத்து, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தி, மூக்கைப் போலவே வனைந்தார். பிறகு அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலை உரித்தார். இரு கண்களுக்கும் இடையில் மட்டும் ஒரு சிறு பட்டை ஒட்டிக்கொண்டிருக்குமாறு விட்டார். குருதி ஓட்டம் நின்றுவிடாமல் இருப்பதற்கு அந்தப் பட்டைதான் வழி. உரித்த தோலைத் திருப்பி, மூக்கின் இடத்தில் படிய வைத்து, காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். சுமார் 25 நாள் கழித்து அந்தப் பட்டையை அறுத்துவிட்டார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்த மெழுகுத் தகடு. வளைந்த உருவம் ஒன்றைத் தட்டையான பரப்பில் விரித்து அளவெடுப்பது எளிதன்று. திருப்பூரில் பனியன் வெட்டும் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டால் அதன் அருமையைச் சொல்லுவார். உடம்பின் உருண்டையைக் காகிதத்தில் தட்டையாக்கத் தெரிந்தவருக்கே துணியை வெட்டும் உரிமை உண்டு. சுசுருதர் தம் நூலில் இதற்கு ஓர் இலையை அளவாக வெட்டிக்கொள்ளச் சொல்லுகிறார். இலையானாலும் மெழுகானாலும் அது வடிவமைப்பாளரின் கருவியே.

கவாஸ்ஜியின் படத்தை ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் 1794-ஆம் ஆண்டு சனவரியில் தீட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் லண்டனில் வெளியான ‘ஜென்டில்மன்ஸ் மாகஸின்’ இதழில் படமும் செய்தியும் வந்தன. அதைப் படித்துக் கற்ற கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் தாமும் அந்த முறையைச் செய்து பார்த்து வெற்றி கண்டார். 1816-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். மண்ணைப் பிசையும் கை மூக்கைச் செய்தது. தூரிகை பிடித்த கை அதை உலகுக்குக் காட்டியது. நம் பக்கத்துக் கோயில்களில் மண் உருவாரம் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கத்தையும், கண் நோய் தீர வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பின் ஓர் உறுப்பை மண்ணிலும் உலோகத்திலும் தனியே செய்து பார்ப்பது நமக்குப் புதிதன்று.

தோலை எடுத்துத் தைப்பது ஒரு வழி. தைக்க முடியாதபோது உறுப்பைப் புறத்தே செய்து அணிவது இன்னொரு வழி. டைக்கோ பிராகி என்னும் டென்மார்க்கு வானநூலார் 1566-இல் வாட்சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, வாழ்நாள் முழுதும் உலோக மூக்கு அணிந்திருந்தார். அது வெள்ளி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2010-இல் அவர் கல்லறையைத் திறந்து எலும்பை ஆராய்ந்தபோது பித்தளையின் தடயமே கிடைத்தது. அனுப்பர்பாளையத்தார் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

ஆனால் இந்தக் கலை ஓவியக் கல்லூரிகளை நாடி வந்தது முதல் உலகப் போரில். பதுங்கு குழியிலிருந்து தலையை உயர்த்திய வீரர்களின் முகங்களைக் குண்டுகள் சிதைத்தன. அப்படி வந்தவர்களுக்கு ஹெரால்ட் கில்லீஸ் என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் அறுவை செய்தார்; 1917-இல் சிட்கப்பில் இதற்கென்றே மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடன் இருந்து நோயாளிகளின் முகங்களை அறுவைக்கு முன்னும் பின்னும் வரைந்தவர் ஹென்றி டாங்ஸ். அவர் அறுவை மருத்துவம் பயின்று, அதை விட்டுவிட்டு, லண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் ஆசிரியரானவர். நிறப்படங்கள் அரிதாக இருந்த காலத்தில், சதையின் நிறமும் தழும்பின் நிறமும் அவருடைய வண்ணக் கோல்களால்தான் மருத்துவர்களுக்குப் பதிவாயின.

கில்லீசின் கத்தியாலும் சரிசெய்ய முடியாதவர்கள் சிற்பியிடம் சென்றார்கள். டெர்வென்ட் வுட் என்னும் சிற்பி, போர்முனைக்குப் போகும் வயதைக் கடந்தவர், மருத்துவமனையில் பணியாளராகச் சேர்ந்து 1916-இல் முகமூடிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். வீரர்கள் அதற்குத் ‘தகர மூக்குக் கடை’ என்று பெயர் வைத்தார்கள். சிரிக்கத் தெரிந்த சிப்பாய்கள்! பாரிசில் அன்னா கோல்மன் லாடு என்னும் அமெரிக்கச் சிற்பி, செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையுடன் இதே பணியைச் செய்தார். காயம் ஆறிய முகத்தில் சாந்து பூசி அச்செடுப்பார்கள். போருக்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து, இழந்த பகுதியை அந்த அச்சின்மேல் களிமண்ணில் வனைவார்கள். அதிலிருந்து மின்முலாம் முறையில் செம்புத் தகடு உண்டாக்குவார்கள். தகட்டின் கனம் ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு. மூக்குக்கண்ணாடியின் கம்பியே அதைக் காதில் தாங்கும்.

கடினமானது வண்ணம் பூசுவது. மேகம் மூடிய நாளில் சரியாகத் தோன்றும் தோல் நிறம், வெயிலில் வெளிறிவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு நிறத்தைப் பிடிக்க வேண்டும். அணிபவர் முகமூடியுடன் எதிரில் அமர்ந்திருக்க, உயிருள்ள கன்னத்தைப் பார்த்து உலோகக் கன்னத்துக்கு நிறம் தீட்டினார்கள். அன்று காலை மழித்த முகத்தில் தோன்றும் நீலச் சாயலையும் விடவில்லை. சித்திரை மாதத்து நண்பகலில் எங்கள் பல்லடம் கடைவீதியில் நின்றாலும், இரவில் குழல்விளக்கின் கீழ் விசைத்தறிக் கொட்டகையில் நின்றாலும் ஒரே முகமாகத் தோன்றும் நிறம் எது? இந்தக் கேள்வியைக் கொடுத்து என் மாணவர்களை ஒரு வாரம் அலைய விட்டிருக்கிறேன். நிலைப்பொருள் ஓவியத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் அந்த வாரத்தில் திணறுவார்கள்.

அத்தனை உழைத்தும் அந்தச் செம்பு முகங்களுக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. அவை சிரிக்கவில்லை, சினக்கவில்லை. வண்ணம் உதிர்ந்தது. அணிந்தவர் மூப்படைந்தார், தகட்டுக் கன்னம் மட்டும் இருபது வயதிலேயே நின்றது. இதை நான் மாணவர்களிடம் மறைப்பதில்லை. வடிவமைப்பு வரலாறு வெற்றிப் பட்டியலாக இருந்தால் அதைப் படித்துப் பயன் இல்லை. அதோடு இன்னொன்றையும் சொல்லுவேன். சிட்கப்பில் மருத்துவமனைக்குப் போகும் சாலையோரத்துப் பெஞ்சுகள் சிலவற்றுக்கு நீல வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். அதில் முகம் சிதைந்த வீரர் அமர்ந்திருக்கக்கூடும், அதிர்ச்சி அடையவேண்டாம் என்று ஊராருக்கு எச்சரிக்கை. அப்படியானால் அந்த நீல வண்ணம் யாருடைய நலத்துக்கு? முகமூடி யாருக்கு? அணிபவருக்கா, எதிரே வருபவருக்கா?

இந்தக் கேள்விக்கு நான் கேட்ட விடைகளுள் சிறந்ததை ஒரு பெரியவர் சொன்னார். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீதியில் தறி ஓட்டியவர் அவர். தறியிலிருந்து தெறித்த நாடா பட்டு ஒரு கண்ணை இழந்தவர். எங்கோ ஒரு கடையில், பெட்டியில் அடுக்கியிருந்த கண்களுள் ஏறத்தாழப் பொருந்திய ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் கருமணி சற்று மேல்நோக்கியிருந்தது. பார்வை திரும்பும்போது அது திரும்பாது. எப்போதும் எதையோ கண்டு வியந்ததுபோல ஒரு தோற்றம். “அந்தக் கண்ணுல ஏதாச்சும் தெரியுங்ளா அப்பாரு?” என்று சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இது நான் பாக்கறதுக்கு இல்ல கண்ணு, என்னையப் பாக்கறவீங்களுக்கு” என்றார். கொஞ்ச நாளில் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தார். திருமணம் போன்ற காரியங்களுக்கு மட்டும் அந்தக் கண் வெளியே வரும்.

அந்தக் கண் அவருக்கு ஆகாமற்போனதற்குக் காரணம் உண்டு. அது அவருக்கென்று செய்யப்பட்டதன்று. பழைய நாளில் ஜெர்மனியின் லௌஷா ஊரில் கண்ணாடியை ஊதிச் செயற்கைக் கண் செய்தார்கள். உலகெங்கும் அது போயிற்று. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோது, அமெரிக்கப் படையில் பல் கட்டும் தொழில்நுட்பர்கள் தமக்குப் பழக்கமான அக்ரிலிக் பொருளால் கண் செய்யக் கற்றார்கள். கண்குழியின் அச்சை எடுத்து, மெழுகில் வடித்து, மறு கண்ணைப் பார்த்துக் கருவிழியைத் தீட்டி, வெள்ளைப் பகுதியில் செந்நூல் இழைகளை நரம்புபோல் பதித்து, மேலே தெளிந்த அக்ரிலிக்கால் மூடுகிறார்கள். குழியில் நன்றாகப் படிந்த கண் ஓரளவு அசையவும் செய்யும். அந்தச் செந்நூலுக்கு எங்கள் ஊர்த் தறிக்கொட்டகையில் கழித்துப் போடும் நூலே போதும் என்று சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு வாங்கிக்கொண்டும் வருகிறார்கள்.

பிறர் பார்வைக்காகத்தானே என்று இதை இலேசாக எண்ணிவிடவும் கூடாது. பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை வகுத்தார். நோய் தீர்ந்தது, விரலும் நிமிர்ந்தது. ஆனால் வேலை கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்த முகமும் அமுங்கிய மூக்கும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே அவர் மூக்கை நிமிர்த்தினார். தலைத் தோலிலிருந்து மயிரோடு கூடிய பட்டையை எடுத்துப் புருவமாக வைத்தார். தலைமயிர் அல்லவா? அது வளர்ந்துகொண்டே போகும். கத்தரித்துவிட வேண்டும். சிலர் கத்தரிக்க மனமின்றி, நீண்ட புருவத்தோடு பெருமையாக நடந்தார்களாம். இரண்டு விரற்கடை மயிருக்குள் ஒருவருடைய கூலியும் குடித்தனமும் அடங்கியிருந்தன.

நம் காலத்துக்கு வருவோம். இப்போது செயற்கை மூக்கும் காதும் சிலிக்கோன் என்னும் மென்பொருளால் ஆகின்றன. பசையால் ஒட்டலாம், அல்லது எலும்பில் டைட்டேனியம் முளைகளைப் பதித்து அவற்றில் மாட்டலாம். 1979-இல் சுவீடனில் அப்படிக் காது பொருத்தத் தொடங்கினார்கள். புற்றுநோய்க்காக முகத்தின் ஒரு பகுதியை இழப்போர் உண்டு. விபத்தில் இழப்போர் உண்டு. 2021-இல் கொரோனாவைத் தொடர்ந்து கரும்பூஞ்சை நோய் பரவியபோது, நாட்டில் 45,000-க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளானதாக அவ்வாண்டு சூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களில் பலர் உயிர் பிழைப்பதற்காகக் கண்ணையும் மேல்தாடையையும் கொடுத்தார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் முகச் செயற்கை உறுப்புச் செய்யும் துறையினர் இருக்கிறார்கள். முப்பரிமாண அச்சுப்பொறி மறுபக்கத்துக் காதை அளந்து தானே வார்ப்பு அச்சைத் தந்துவிடுகிறது. ஆயினும் இறுதி நிறத்தை ஒரு மனிதக் கண்ணே பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் என் வகுப்பின் வேலை.

பழக்கும் முறையில் ஒன்றைச் சொல்லுகிறேன். இருவர் இருவராக மாணவர்களை அமர்த்தி, எதிரே இருப்பவரின் இடக் காதைப் பார்த்து வலக் காதை மெழுகில் செய்யச் சொல்லுவேன். முதல் நாள் பாதிப் பேர் மீண்டும் இடக் காதையே செய்துவிடுகிறார்கள். மூன்றாண்டு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் அடுத்தவர் காதை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போது தெரியும். பிறகு அவர்களைத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் அழைத்துச் செல்வேன். சிற்பிகள் முகத்தின் நடுவே முதலில் ஒரு கோட்டை நிறுத்துகிறார்கள். இருபுறத்து அளவுகளும் அதிலிருந்து பிறக்கின்றன. தெய்வத்தின் முகம் இருபுறமும் ஒத்திருக்கும். மனித முகம் ஒத்திராது. ஒரு காது மற்றொன்றைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும், சற்றே விரிந்திருக்கும். ஒத்த அளவில் செய்த செயற்கைக் காது, அழகாக இருந்தும், பொய்யாகத் தோன்றும். சிற்ப இலக்கணத்தை முழுதும் கற்ற பிறகு, ஓரிடத்தில் அதை விட்டு விலகவும் தெரிய வேண்டியிருக்கிறது. பெண்களுக்குச் செய்யும்போது தோட்டுக்கும் மூக்குத்திக்கும் உரிய துளையை முதலிலேயே நினைவில் வைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர், மிகுந்த திறமையுடையவர், காதைச் செய்து முடித்து, “ஐயா, இதில் கையெழுத்தை எங்கே போடுவது?” என்று கேட்டார். வகுப்பு முழுதும் சிரித்தது. அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஓவியத்தின் மூலையில் பெயர் எழுதுவதை நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம். அந்தக் காதைப் பார்த்து எவரேனும் “நன்றாகச் செய்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டால் செய்தது கெட்டுப்போயிற்று என்று பொருள். காதென்றே ஒருவரும் கவனிக்காமல் கடந்து போக வேண்டும். இருபது வயதில் இதை ஏற்றுக்கொள்வது கடினம். அந்த மாணவருக்கும் கடினமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார். இப்போது மருத்துவ நண்பர் ஒருவருடன் சேர்ந்து நிறம் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு வேலை ஓயப்போவதில்லை. சிலிக்கோன் உறுப்பின் ஆயுள் ஓராண்டு அல்லது இரண்டாண்டு. வெயிலும் வியர்வையும் நிறத்தை மாற்றிவிடும், ஓரங்கள் கிழியும். அணிபவர் திரும்பத் திரும்ப வருவார். அதற்குள் அவர் சற்று மெலிந்திருப்பார், அல்லது பருத்திருப்பார். வெயிலில் வேலை செய்பவராயின் கறுத்திருப்பார். பழைய அச்சை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே மறுபடியும் வார்த்துவிட முடியாது. மறுபடியும் எதிரே அமர்த்திப் பார்க்க வேண்டும்; கண்ணோரத்தில் புதிதாக விழுந்திருக்கும் சுருக்கத்தை இந்தப் பக்கத்திலும் வரைய வேண்டும்.